பதினோராவது படம்

ஒரு கலையைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டவன் நான். ஆறு வருஷத்துக்கு முன்பு நண்பனிடமிருந்து பழைய மீடியம் ஃபார்மட் கேமரா ஒன்றை வாங்கினேன். கறுப்பு வெள்ளை ஃபிலிம், ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பக்கத்துத் திருகைச் சுற்றி ஃபிலிமை நாமேதான் நகர்த்த வேண்டும். (மறந்தால் அதே இடத்தில் அடுத்த படமும் விழும். கேமரா வாயே திறக்காது.)

அரவேணு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் பெரியம்மா அந்த மாதம் ரிட்டயர் ஆனார். "ஊட்டுல மாட்டி வெக்கற மாதிரி ஒரு போட்டோ இருந்தாப் போதும் கண்ணு" என்றார். நானாச்சு என்றேன். அதோடு நிறுத்தினேனா? கடைசி நாளன்று ஃபேக்டரி வாசலில் அவரை வழியனுப்பக் கூடியிருந்தவர்களிடம், "யாரும் போன்ல எடுக்காதீங்க. ஃபிலிமுக்கு ஒரு மரியாதை இருக்குது" என்று பிரசங்கமே செய்தேன். பாவம், நம்பிவிட்டார்கள்.

அதற்குள் பத்துப் படங்களை மூடுபனிக்குத் தாரை வார்த்திருந்தேன். மிச்சம் இரண்டு. வழக்கப்படி நடு நாற்காலியில் வெள்ளைப் பேண்ட் போட்ட மேனேஜர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பெரியம்மாவும் மற்ற பெண்களும் பின்னால் நின்றார்கள். எடுத்தேன். மேனேஜருக்குப் போன் வந்தது, எழுந்து போனார்.

"பெரியம்மா, இப்ப நீங்க மட்டும் உக்காருங்க."

"தொரை உக்கார்ற சேரு கண்ணு. நான் நின்னுக்கறேன்."

"இத்தன வருசமா நின்னது போதாதாக்கா?" என்று கூடப் பறிக்கும் செல்வியக்கா அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். பெரியம்மா நாற்காலி நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். பனி மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமாக ஷட்டரை அழுத்தினேன். திருகைச் சுற்றவில்லை.

ஒரு வாரம் கழித்து என் குளியலறையில் ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டேன். பத்துப் படங்களில் பனி, பனியைத் தவிர வேறொன்றுமில்லை. பன்னிரண்டாவது காலி. பதினோராவதில் ஒரே நாற்காலியில் மேனேஜரும் பெரியம்மாவும் ஒரே ஆளாகியிருந்தார்கள். மேனேஜரின் நரைத்த மீசை பெரியம்மாவின் மூக்குக்குக் கீழே அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. சேலைக்கு மேலேயே வெள்ளைப் பேண்ட், கால்மேல் கால். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு யாரிடமும் ஒரு படம்கூடக் கிடையாது, என் புண்ணியத்தில்.

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, மீசை எனக்கு எடுப்பாத்தான இருக்குது?" என்று கேட்டுவிட்டு, இருமல் வருமளவுக்குச் சிரித்தார்.

"நாளைக்கே வேற எடுத்துடலாம் பெரியம்மா."

"வேண்டாம். எப்படிக் கால்மேல் கால் போட்டு உக்காந்திருக்கறேன் பாரு. நெசத்துல நான் அப்படி உக்காரவே இல்லியே."

அந்தப் படம் இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. சொந்தக்காரர்களுக்கு அவர் மேனேஜரம்மா. நான் போனில் படமெடுக்கக் கையைத் தூக்கினாலே வீடு முழுக்க, "திருகினயா?" என்று கேட்கிறது. பெரியம்மா மட்டும் கேட்பதில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொள்கிறார்.