'போயே போச்சு' யாருக்குச் சொந்தம்?

"போயே போச்சு" என்றார் லாண்டரிக்காரர்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டிரேட்மார்க் ஏஜென்ட் பதறிப்போய்ப் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சார் போச்சு? பர்ஸா?"

"அதில்லைங்க. பேரு."

"பேரு போச்சா? அதுக்குள்ள வேற யாராவது பதிவு பண்ணிட்டாங்களா?"

"ஐயோ, பேரே அதுதாங்க! 'போயே போச்சு.' கறை எடுக்கிற மருந்து. நம்ம சொந்தத் தயாரிப்பு. சட்டையில எது கொட்டினாலும் சரி, நாலு சொட்டு விட்டுத் தேய்ச்சா..."

"போயிடுமா?"

"போயே போச்சு!"

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி, கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள். ஏஜென்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விஷயம் இதுதான். இரண்டு தெரு தள்ளி எவனோ 'போயாச்சு' என்ற பெயரில் ஒரு கறை மருந்தை விற்க ஆரம்பித்திருந்தான். அவன் மருந்தில் கறை போகவில்லை, துணிதான் போயிற்று. திட்டு மட்டும் இவர் கடைக்கு வந்தது. பெயரைப் பதிவு செய்துவிட்டால் அவன் வாலை ஒட்ட நறுக்கிவிடலாம் என்று யாரோ சொல்ல, லாண்டரிக்காரர் கிளம்பி வந்துவிட்டார்.

"உரிமையாளர் ஒருத்தரா, கூட்டா?" என்று கேட்டார் ஏஜென்ட்.

"நான் ஒருத்தன்தான். இவளையும் சேர்த்தா பாவம், கையெழுத்துக்கு ஒவ்வொரு தடவையும் அலையணும். என்னம்மா?"

"சரிங்க" என்றாள் மனைவி.

லாண்டரிக்காரர் வாயைத் திறந்தால் தெருவே நின்று கேட்கும். எழுத்து என்றால் மட்டும் அவருக்கு எட்டிக்காய். விண்ணப்பமோ நோட்டீஸோ, எது வந்தாலும் மனைவி பக்கம் தள்ளிவிடுவார். அவள் படித்துச் சொல்வாள், பதில் எழுதுவாள், விரலை வைத்துக் காட்டுவாள். காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். பதினொரு வருஷக் குடித்தனம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சில மாதங்களில் பதிவு அலுவலகத்திலிருந்து முதல் ஆட்சேபம் வந்தது. 'போயே போச்சு' என்பது பொருளின் குணத்தைச் சொல்லும் சொல், எல்லோரும் பேசும் பேச்சு, அதை எப்படி ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது என்று கேட்டிருந்தார்கள்.

"நியாயமாத்தான் கேக்கறாங்க" என்றாள் மனைவி.

"நியாயமாவது ஒண்ணாவது! நீ எழுதிப் போடு."

அவள் நாலு பக்கம் எழுதினாள். பல் விழுந்தாலும் போயே போச்சு என்கிறோம், பஸ் போனாலும் போயே போச்சு என்கிறோம், மானம் போனாலும் அதையேதான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்து ஒரு பாட்டிலுக்குள் முதலில் அடைத்தது நாங்கள்தான் என்று முடித்திருந்தாள். ஆட்சேபம் போயே போச்சு. பெயர், அரசாங்க இதழில் விளம்பரத்துக்கு வந்தது. நாலு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு ஆனமாதிரிதான்.

லாண்டரிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆள் உயரத்துக்கு 'போயே போச்சு' என்று எழுதிக் கடை வாசலில் பலகை மாட்டினார். மறுநாளே வாடிக்கைக்காரர்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

"என் கோட்டு எங்கே? அதுவுமா போச்சு?"

"உங்க கோட்டு பத்திரமா இருக்குங்க. அது மருந்தோட பேரு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஈரமா இருந்தாலும் பரவாயில்லை, குடுங்க."

சாயங்காலத்துக்குள் பாதித் துணி துவைக்காமலேயே திரும்பிப் போய்விட்டது. லாண்டரிக்காரர் யோசித்து, பலகையின் அடியில் 'துணி அல்ல' என்று எழுதிச் சேர்த்தார். 'போயே போச்சு - துணி அல்ல' என்பதைப் படித்தவர்கள், அப்படியானால் என்னதான் போயிற்று என்று ஒரு கும்பலாக நின்று விசாரித்தார்கள். கடைசியில் பலகையையே கழற்ற வேண்டியதாயிற்று.

பலகையில் விட்டதை லேபிளில் பிடித்தார். புது லேபிளில் அவர் படம், முறுக்கிய மீசை, அதன் கீழே 'கண்டுபிடித்தவர்' என்று பெரிய எழுத்து. மனைவி லேபிளை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தாள்.

"எப்படி?" என்றார்.

"மீசை நல்லா விழுந்திருக்குங்க" என்றாள்.

சரியாக மூன்றாவது வாரம் எதிர்ப்பு நோட்டீஸ் வந்தது.

"எவன் அவன்? அந்தப் 'போயாச்சு'க்காரனா?"

"இல்லீங்க. 'வெள்ளை வெளேர்'னு ஒரு கம்பெனி" என்று படித்தாள் மனைவி. "இந்தப் பேரை முதல்ல வச்சது நாங்கதான்னு சொல்றாங்க. முதல் மருந்தை ஒரு இருமல் மருந்து பாட்டில்ல கலக்கினாங்களாம்."

லாண்டரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் பாட்டில் இருமல் மருந்து பாட்டில்தான். "அது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னும் இருக்குங்க. 'விண்ணப்பதாரருக்கு மருந்தில் என்ன கலக்கப்படுகிறது என்பதே தெரியாது.'"

"எனக்கா தெரியாது? என்ன திமிரு பாரு!" என்று மேசையில் ஓங்கிக் குத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னம்மா கலக்கறோம்?" என்றார்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஆங், அதேதான். அவனுக்கு உறைக்கிற மாதிரி ஒரு பதில் எழுது."

"எவ்வளவு உறைக்கணும்?"

"ஜென்மத்துக்கும் பேரைச் சொல்லக் கூடாது."

அவள் உட்கார்ந்து எழுதினாள். காரமான பதில். படிக்கச் சொல்லிக் கேட்டு லாண்டரிக்காரர் தொடையில் தட்டி ரசித்தார். அதற்கு எதிர்த்தரப்பிலிருந்து வந்ததோ, அதைவிடக் காரமாக இருந்தது.

"அவனுக்கும் எழுத நல்ல ஆள் மாட்டியிருக்கும்மா" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா உன் கால்தூசிக்குக் காணாது."

"அப்படிச் சொல்லாதீங்க. அவங்களும் கஷ்டப்பட்டுத்தான் எழுதியிருப்பாங்க."

எதிரிக்கும் இரக்கப்படுகிறாளே என்று அவருக்கு மனைவியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஏஜென்ட் போனில் சொல்லிவிட்டார்: "வாய்ப்பேச்சு செல்லாது சார். முதல் பாட்டில் எப்போ, யார் கலக்கினது, யார் பேர் வச்சது, எல்லாத்துக்கும் சாட்சி வேணும்."

அந்த நாளில் கடையில் இவர்களைத் தவிர இருந்தவர் ஒரே ஒரு ஆள்தான். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், பிறகு கோபித்துக்கொண்டு விலகி, ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். துப்புக் கொடுப்பதும் அவர்தான் என்று லாண்டரிக்காரருக்குப் பொறி தட்டியது. நேரே போய் ஆளைப் பிடித்தார்.

"உண்மையைச் சொல்லு. 'வெள்ளை வெளேர்'கிட்ட எவ்வளவு நாளாப் பேசிட்டிருக்கே?"

"நான் வீட்டுக்காரிகிட்டயே பேசி ஒரு வாரம் ஆச்சுண்ணே. நீங்க வேற" என்றார் இஸ்திரிக்காரர், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

முகத்தைப் பார்த்தால் பொய்யாகத் தெரியவில்லை. "சரி, அப்ப ஒரு சாட்சிக் கடிதம் எழுதிக் குடு. உள்ளதை உள்ளபடி எழுது."

அவரும் மனசில் வஞ்சகம் இல்லாமல் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். லாண்டரிக்காரர் அதை வாங்கி வந்து வீட்டில் கொடுக்க, மனைவி உரக்கப் படித்தாள்.

"'அண்ணி அப்போது ஏழு மாதக் கர்ப்பம். நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பாட்டிலைக் கலக்கினார். மைக்கறை மறைந்ததும் அண்ணிதான் போயே போச்சு என்று கத்தினார். சத்தம் கேட்டு அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து, என்ன போச்சு என்று கேட்டார்.'"

மனைவி கடிதத்தை மடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தப் பய ஞாபகசக்தியில தீயை வைக்க" என்றார் லாண்டரிக்காரர். "இதை அப்படியே குடுத்தா விண்ணப்பம் படுத்துடும். ஒண்ணு பண்ணு. 'அண்ணி'ன்னு வர்ற இடத்துல எல்லாம் 'அண்ணன்'னு மாத்திடு. ஒரே எழுத்துதானே?"

"எல்லா இடத்துலயுமாங்க?"

"ஒரு இடம் விடாதே."

"சரிங்க."

மாற்றி எழுதிய கடிதத்தில் இஸ்திரிக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அந்த லாண்டரியில் வேலை பார்த்த தோஷம்.

பத்து நாள் கழித்து ஏஜென்ட் கூப்பிட்டார். குரலில் ஒரு தினுசான மரியாதை இருந்தது.

"சார், உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

"எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"இல்லை, சாட்சிக் கடிதத்துல நீங்க ஏழு மாதக் கர்ப்பமா இருந்ததா போட்டிருக்கு. அதிகாரி ரெண்டு தடவை படிச்சுட்டார். உங்களை நேர்ல பார்க்கணும்னு பிரியப்படறார். ரெண்டு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கார்."

லாண்டரிக்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "கர்ப்பத்தையுமா மாத்தினே?"

"ஒரு இடம் விடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

விசாரணை அன்று லாண்டரிக்காரர், கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்த வெள்ளைச் சட்டையில் வந்தார். மனைவியும் நல்லதாக உடுத்தி, மடியில் ஒரு தடித்த ஃபைலோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஏஜென்ட் வேறொரு வழக்குக்காக உள்ளே போயிருந்தார்.

"இன்னைக்கு அந்த 'வெள்ளை வெளேர்' மூஞ்சியைப் பார்த்துடணும்" என்று பல்லைக் கடித்தார் லாண்டரிக்காரர். "நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி வச்சிருக்கேன்."

அவள் அவர் காலரை நிமிர்த்திச் சரிசெய்தாள். "ஏங்க, அதிகாரி கேட்டா என்ன சொல்வீங்க? இந்தப் பேரை முதல்ல வச்சது யாருன்னு?"

"இதென்ன கேள்வி? நான்தான். வேற யாரு?"

ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அதற்குள் கதவு திறந்ததால் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

உள்ளே நீளமான மேசை. அதன் தலைப்பக்கம் அதிகாரி கர்ப்பக் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். லாண்டரிக்காரர் வலது வரிசையில் உட்கார்ந்தார். மனைவி வழக்கம்போல் பக்கத்து நாற்காலியை இழுத்தாள். எதிர் வரிசை காலியாகக் கிடந்தது.

"பார்த்தியா, பயந்துட்டான். வரலை" என்று அவள் காதில் கிசுகிசுத்தார்.

கையில் பட்டியலோடு வந்த கடைநிலை ஊழியர், பெயர்களைச் சரிபார்த்துவிட்டு மனைவியிடம் குனிந்தார்.

"அம்மா, நீங்கதானே 'வெள்ளை வெளேர்'? எழுந்து எதிர்ப்பக்கம் போயி உக்காருங்க. இவர் பக்கத்துல உக்காந்தா, சமாதானமாப் போயிட்டீங்கன்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க."