படுத்துப் பார்த்த பரிசப் படங்கள்

கவலைப்படுவதில் என்னை ஜெயிக்க எங்கள் கூலாய் ஊரில் ஆள் கிடையாது. வீட்டைப் பூட்டி, நெடுஞ்சாலை ஏறிய பிறகு, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவேன். அணைந்துதான் இருக்கும். மறுபடி கிளம்பினால், அடுப்பைப் பார்க்க வந்தபோது கதவைப் பூட்டினோமா என்று திரும்புவேன். (இதற்காகவே என் மனைவி காரில் முறுக்கு டின் வைத்திருக்கிறாள்.) இவ்வளவு கவலைப்பட்டும், சரியான விஷயத்துக்கு நான் கவலைப்பட்டதாக வரலாறே இல்லை. விபரீதம் எப்போதும் நான் பார்க்காத பக்கமிருந்துதான் வரும்.

என் தங்கை மாலதியின் பரிசத்தன்று அது கேமரா வழியாக வந்தது.

த்ரீடி டிவி வந்த புதுசு. ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, பெரிய டிவி முன்னால் உட்கார வைத்தார்கள். நானும் உட்கார்ந்தேன். திரைக்குள்ளிருந்து ஒரு சுறா என் மூக்கு வரைக்கும் வந்தது. நான் பக்கத்திலிருந்த சீனப் பெரியவர் மடிக்குத் தாவிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அவரும் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அன்றே முடிவெடுத்தேன். மாலதியின் பரிசத்தை இதில்தான் எடுக்கணும். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு, சேனாய்ப் பக்கம் தொழிற்சாலைக்குப் போனவன் நான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கையின் விசேஷத்தை எடுத்து நடத்துகிறேன். படித்தவன் வீட்டில் இல்லாத ஒன்று எங்கள் வீட்டில் இருக்கட்டுமே! ஒரு பிளாஸ்மா டிவியும், கண்ணு மாதிரி இரண்டு லென்ஸ் வைத்த கேமராவும் வீடு வந்து சேர்ந்தன. பேசி வைத்திருந்த போட்டோக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணே, சாதாரண போட்டோ போதாதா?" என்றாள் மாலதி.

"இன்னும் கொஞ்ச வருஷத்துல உலகத்துல எல்லாப் படமும் இப்படித்தான் இருக்கும். அப்ப உன்னோடது மட்டும் தட்டையா கெடக்கணுமா?"

(கொஞ்ச வருஷத்தில் அந்த மாதிரி டிவியே கடையில் இல்லாமல் போனது. அதை அப்போது என்னிடம் யாரும் சொல்லவில்லை.)

கேமராவோடு வந்த விளக்கப் புத்தகம் முழுக்க ஆங்கிலம். படங்களை மட்டும் கவனமாகப் பார்த்தேன். ஒன்றில், ஒருவன் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்திருக்க, அவன் மேல் பெரிய பெருக்கல் குறி. ரொம்ப நேரம் யோசித்தேன். அவன் கழுத்தில் வார் மாட்டவில்லை. அதுதான் தப்பு போலிருக்கிறது! பரிசம் முடியும்வரை நான் வாரைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை.

பரிசத்தன்று கோயில் மண்டபத்தில் எனக்கு எத்தனையோ கவலை. பேட்டரி தீர்ந்துவிடுமோ, லென்ஸில் விபூதி விழுமோ, யாராவது வாரைப் பிடித்து இழுத்துவிடுவார்களோ. போன் தூக்கியவர்களை எல்லாம் அதட்டி உட்கார வைத்தேன். "அதான் நான் எடுக்கிறேன்ல? உள்ள வைங்க!"

மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை கதிர் பக்கத்தில் நின்ற மாலதி கண்ணால் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, தலைப்பூவுலேர்ந்து சேலை பார்டர் வரைக்கும் முழுசா தெரியணும். சொல்லிட்டேன்."

முழு உயரம் தெரியணும் என்றால் கேமராவை என்ன செய்யணும்? செங்குத்தாகத் திருப்பினேன். எல்லாப் படத்துக்கும் திருப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பண்டார் தெங்காராவிலிருந்து கதிரும் அவர் அம்மா பாக்கியம் அத்தையும் வந்தார்கள். படம் பார்த்துவிட்டு அப்படியே கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாக ஏற்பாடு. பாயசம் கொடுத்து, எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன். கண் ஆபரேஷன் முடிந்து மொத்தக் குடும்பமும் வீடு திரும்பியது போல வரிசையாக உட்கார்ந்திருந்தோம். முதல் படத்தைப் போட்டேன்.

கேமராவைத் திருப்பிப் பிடித்ததால் படம் படுத்த வாக்கில் வந்தது. த்ரீடி அன்றைக்கென்று அமோகமாக வேலை செய்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் கழுத்தில் மாலையோடு, நட்ட நடுக்கூடத்தில் கிடத்தியது போல, அச்சு அசலாகப் படுத்திருந்தார்கள்.

"ஐயோ!" அத்தை எழுந்தே விட்டார். "என்ன தம்பி இது! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல புள்ளைங்கள மாலையோட படுக்கப் போட்டிருக்கீங்க! நிமித்துங்க லா மொத!"

ரிமோட்டில் தேடித் தேடி நிமிர்த்தினேன். இப்போது இருவரும் நின்றார்கள். ஆனால் ஆளுக்கு இரண்டு தலை. மேலே ஒன்று, அதற்குச் சற்றுக் கீழே ஒன்று. இரண்டும் சேராமல் ஆடின.

"பெனிங்கா இருக்கு தம்பி. தலை சுத்துது."

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் கவலைப்படுவேனே தவிர, எடுத்த முடிவிலிருந்து மாற மாட்டேன். "பழகணும் அத்தை. கண்ண எடுக்காம பாருங்க. தானா சேரும்" என்று அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று போட்டுக்கொண்டே போனேன். தாம்பூலத் தட்டு மாற்றும் படம் வந்தபோது அத்தை, குடித்த பாயசத்தைக் குடித்த கிண்ணத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முகம் கழுவி வந்தவர் கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "படுக்க வச்சா பொணம் மாதிரி இருக்கு. நிமித்துனா வயித்தப் பொரட்டுது. மனசுக்கு சரியா படல. நாள் குறிக்கிறத கொஞ்சம் தள்ளிப் போடுவோம்."

கதிர் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் கார் கிளம்பிய பிறகு மாலதி அழவில்லை, கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணே, என் கல்யாணம் உன் கேமராவுக்குள்ள மாட்டிக்கிச்சு. நீயே வெளிய எடுத்துக் கொடு" என்றாள்.

எடுத்தே தீருவது என்று இறங்கினேன். கண்ணாடிகளுக்கு பேட்டரி மாற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், சமையல்கட்டிலிருந்து பார்த்தேன். டிவிக்கு முன்னால் ஊதுபத்திகூட ஏற்றினேன். (மாலதி பிடுங்கிப் போட்டாள்.) இரண்டு தலையும் சேரவே இல்லை.

ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்தவன், படத்தைப் போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டியபடியே பாயில் சாய்ந்தேன். இடது பக்கமாக ஒருக்களித்து, தூங்கப்போகிற நேரம். திடீரென்று மாலதி டிவியிலிருந்து கூடத்துக்கு இறங்கி வந்தாள்! ஒரே தலை. முழுச் சேலை. பார்டர்கூடக் கையில் பிடிக்கலாம் போல.

எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு தலை. படுத்தேன். ஒரு தலை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கேமராவின் இரண்டு லென்ஸும் நம் கண்ணைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கணும். நான் திருப்பிப் பிடித்ததில் ஒன்று மேலே, ஒன்று கீழே போய்விட்டது. அந்தப் படத்தைப் பார்க்க மனுஷனுக்கு ஒரு கண் நெற்றியிலும் இன்னொன்று தாடையிலும் இருக்கணும். இல்லையென்றால், படுக்கணும்.

உடனே போன் போட்டேன். "அத்தை, படம் சரியாயிடுச்சு. ஒரே ஒரு தடவ வாங்க. ஆனா படுத்துத்தான் பாக்கணும்."

"யாரு படுக்கணும்?"

"நாமதான் அத்தை."

"பொண்ணு மாப்பிள்ளை?"

"நின்னுக்கிட்டுதான் இருப்பாங்க."

"அப்ப சரி. வர்றேன்."

கூடத்தில் பாய் விரித்தோம். அத்தை சேலையைக் கணுக்கால்வரை இழுத்து விட்டுக்கொண்டு, கண்ணாடியோடு கீழே உட்கார்ந்தார். படுக்கப் போனவர் நிமிர்ந்தார். "தம்பி, இப்படிப் படுத்தா தலை எந்தப் பக்கம்?"

பார்த்தேன். டிவி கிழக்குச் சுவரில். இடது பக்கமாக ஒருக்களித்தால் தலை நேராக வடக்கே!

"மாத்திப் படுத்துக்கிறேன்" என்று அத்தை மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த நொடி, "அலமாக்! பொண்ணு மூக்கு உள்ள போயிடுச்சு தம்பி! பின்னால இருக்கிற திரைச்சீலை முன்னால வருது!"

வலது பக்கம் படுத்தால் எல்லாம் உள்வெளியாகிவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. இடது பக்கம் படுத்தால் வடக்கு. வலது பக்கம் படுத்தால் மருமகளுக்கு மூக்கு இல்லை. அத்தை என்னைப் பார்த்தார். மாலதி என்னைப் பார்த்தாள். நான் கதிரைப் பார்த்தேன்.

"மச்சான், தூக்குங்க" என்றேன்.

அந்தக் காலத்து பிளாஸ்மா டிவியைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், அது கன்றுக்குட்டி கனம். மேசையோடு தூக்கி, நாற்காலிகளைத் தள்ளி, ஒயரை நீட்டி, மேற்குச் சுவருக்குக் கொண்டுபோனோம். இடுப்பு பிடித்துக்கொண்டது. (இன்னும் விடவில்லை.) மறுபடி பாய். மறுபடி எல்லாரும் இடது பக்கம். அத்தை, கதிர், நான். ஐஸ்பெட்டியில் அடுக்கிய கெம்போங் மீன் மாதிரி ஒரே திசையில், தலை தெற்கே.

படம் வந்தது.

அத்தையின் கை மெதுவாக மேலே எழுந்தது. காற்றில், மாலதியின் கன்னம் இருந்த இடத்தைத் தடவியது.

"எவ்வளவு லட்சணமா நிக்குறா" என்றார். அப்புறம், படுத்த வாக்கிலேயே, "தை மாசம் வச்சுக்குவோமா தம்பி?"

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த நிஜ மாலதி, பாயசக் கிண்ணத்தோடு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கல்யாணத்துக்கு ஒரு போட்டோக்காரரைப் பிடித்தோம். அவர் தட்டையாகத்தான் எடுத்தார், ஆனால் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த டிவி உயிரை விட்டு வருஷங்களாகின்றன. இப்போது ஊர் உலகமே போனைச் செங்குத்தாகப் பிடித்துத்தான் படமெடுக்கிறது. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டேன் என்று சொன்னால் வீட்டில் ஒத்துக்கொள்கிறவர்கள் யாருமில்லை.

போன மாதம் மாலதி மகளின் பிறந்தநாள். கேக் வெட்டும்போது நான் போனைத் தூக்கினேன். கூட்டத்தின் நடுவில் நாற்காலியில் இருந்த பாக்கியம் அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். இப்போது அவருக்கு முட்டி வலி.

"படுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க தம்பி. அப்புறம் என்னை எழுப்பி விட ஆள் தேடணும்."