சங்கரி என்னைப் பேட்டி எடுத்த கதை

மட்டாஞ்சேரி,
ஞாயிறு காலை.

மதிப்புக்குரிய மாடத்தி அக்காவுக்கு, தம்பி சுப்புராஜ் வணங்கி எழுதுவது. நானும் வீட்டுக்காரி பேச்சியும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் என் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்குகிறேன்.

என் மகள், உன் மருமகள் சங்கரி விவசாய ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கினாள் அல்லவா, அதைக் கேட்டு முழங்கால் வலியைக் காட்ட வந்த பக்கத்துக் கடை ரஷீது பாய் ஏமாந்து போனார். மழையும் வெயிலும் மாறிப்போனால் ஜனங்கள் எங்கே பிழைக்கப் போகிறார்கள், உப்பேறிய மண்ணில் என்ன விளையும் என்பதுதான் அவள் ஆராய்ச்சியாம். அதற்காக வீட்டிலுள்ள வாளிகளில் எல்லாம் உப்புத் தண்ணீர் ஊற்றி நெல் நாற்று வளர்க்கிறாள், நான் சாம்பார் குண்டானில் மொண்டு குளிக்கிறேன். செவ்வாய்க்கிழமை தெரியாமல் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து நம் டீக்கடையில் சாயா போட்டுவிட்டேன். முதல் வாய் குடித்த ரஷீது பாய், "எந்தா சுப்புராஜே, இது சாயாவா, கடலா?" என்றார். போன வாரம் கடல் பொங்கி, காயல் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. நானும் பேச்சியும் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றத் திண்டாடுகிறோம், இவள் ஸ்கேலை வைத்துச் சுவரை அளக்கிறாள்.

"ஏ புள்ள, வந்து ஒரு கை பிடி!"

"ஒரு மினிட்டு அப்பா, வெள்ளம் எத்தற கேறியிருக்குன்னு எழுதிக்கறேன்."

இதுகூடப் பரவாயில்லை. போன மாதம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். தன் பின்னணியை எழுத வேண்டுமாம். போனில் ரெக்கார்டரைப் போட்டு என் முன்னால் வைத்து, "ஊர விட்டு ஏன் வந்தீங்க?" என்றாள்.

"இங்க நல்ல கச்சவடம், கடை போட்டா நாலு காசு பார்க்கலாம்னு சொன்னாங்க, வந்தேன்."

"அது சொந்தக்காரங்களுக்குச் சொல்றது. சத்தியம் பறயுங்க அப்பா."

சொல்லிவிட்டேன் அக்கா. மூன்று வருஷம் மழையில்லாமல் மிளகாய் கருகியது, நாலாம் வருஷம் பறிக்கிற நேரத்தில் கொட்டிய மழையில் அழுகியது, காய்ச்சலில் கிடந்த இவளைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறியது, எல்லாம். உன்னிடம் சொல்லாமல் வந்தது நமக்குள் இருந்த நிலத் தகராறில் வந்த கோபம் என்று இருபத்துநாலு வருஷமாக நினைத்திருக்கிறாய். கோபம் இல்லை அக்கா, வெட்கம். சங்கரி போனை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான், "ஏன் நிப்பாட்டிட்ட? எழுது, வேலை கிடைக்கணும்ல" என்றேன்.

கிடைத்தால் இரண்டு வருஷம் வங்காளக் கடற்கரையில் இருக்க வேண்டுமாம். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே நீ உடனே போன் செய்து, அத்தை என்ற உரிமையில், பாங்க் பரீட்சை எழுதி வீட்டோடு இருக்கும்படி அவளைக் கண்டித்துச் சொல்லவும்.

அத்தானுக்கு என் வணக்கம். போட்டோவில் மட்டுமே பார்த்த உன் பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள், ஷேவ் செய்துகொண்டுதான் கொடுக்கிறேன்.

உன் தம்பி,
சுப்புராஜ்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சங்கரிக்கு வேலை கிடைத்த செய்தி வந்துவிட்டது. போன் செய்யாதே. பஜார் முழுக்க நானே சொல்லி, எல்லோருக்கும் சாயா கொடுத்தாயிற்று. நாளை அவளுக்குப் பெட்டி வாங்க இங்குள்ள பிராட்வே கடைவீதிக்குப் போகிறோம். புறப்படுமுன் அத்தையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நானும் வருகிறேன் அக்கா. வாசலில் நிறுத்தித் திட்டாதே; உள்ளே கூப்பிட்டுத் திட்டு.