லக்னப் பத்திரிகையும் என் உயிலும்

தர்க்கவியல் கற்பித்தவனுக்குப் பயம் வந்தால், அந்தப் பயத்துக்கும் முறையான நிரூபணம் ஒன்றைத் தயாரித்துக்கொள்வான். மாரடைப்பில் நெஞ்சு படபடக்கும். என் நெஞ்சு படபடக்கிறது. ஆகவே இது மாரடைப்பு. (இப்படி எழுதிய மாணவர்களுக்கு நான் முட்டை போட்டிருக்கிறேன்.)

மனைவி மறைந்தபின் ஓராண்டாக, வாரம் இருமுறையாவது இந்த நிரூபணம் எனக்குக் கைகூடியது. தாம்பரத்தில் மின்ரயில் ஏறுவதை விட்டேன். மருத்துவமனை இல்லாத தெருக்களில் நடப்பதையும் விட்டேன். மகள் வித்யா கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, வாயு" என்பேன்.

அவளுடைய நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகையை நானே வாசிக்க வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பேராசிரியரின் குரல் என்ற மரியாதை. சட்டைக் காலரில் ஒரு சிறு மைக்கும் மாட்டினார்கள்.

இரண்டாம் வரியில் என் பெயரை அடுத்து மனைவியின் பெயர் இருந்தது. வாசித்தேன். மூன்றாம் வரி மங்கியது. வியர்த்தது, விரல்கள் மரத்தன, மூச்சு முட்டியது. இனி ஐயமில்லை. தம்பி சேகரின் காதருகே குனிந்து, மிகத் தணிந்த குரலில் சொன்னேன்:

"சேகர், நான் போயிடுவேன் போல. பீரோ சாவி பருப்பு டப்பால இருக்கு. சிலிண்டர் செவ்வாய்க்கிழமை வரும். நிச்சயத்தை நிறுத்தாதே, மாப்பிள்ளை தங்கமான பையன். ஆனா அவங்க வீட்டு காபி... வித்யாவை அதைக் குடிக்க விடாதே."

மண்டபத்தின் நான்கு ஒலிபெருக்கிகளும் இதைச் சொல் பிசகாமல் அறிவித்தன. (என் மனைவி இருந்திருந்தால் முதலில் மைக்கைக் கழற்றியிருப்பாள்.) வித்யா வெளிறிப்போய் வருங்கால மாமியாரைப் பார்த்தாள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். சாகப்போகிறவனுக்குப் புதிய பயம் பிறந்தது: ஒருவேளை சாகாவிட்டால்?

மாப்பிள்ளையின் தாயார் மங்கை அம்மாள், பள்ளி ஆசிரியை, எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"காபி பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்கலாம் சார். மூச்சை மெதுவா விடுங்க. எதுக்கும் ஆஸ்பத்திரில பாத்துடலாம். இப்படி எத்தனை நாளா வருது?"

"ஒரு வருஷமா."

"அப்பா! வாயுன்னு சொன்னீங்களே!" என்றாள் வித்யா.

"எனக்கும் இருந்துது சார். மேடவாக்கம் சிக்னல்ல பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியிருக்கேன்" என்றார் மங்கை அம்மாள்.

இதுவும் ஒலிபெருக்கியில் போயிற்று. கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். "யாரும் கிளம்பிடாதீங்க, வந்து தட்டு மாத்துவோம்" என்று என் காலரிடமே அறிவித்துவிட்டு, என்னை அழைத்துச் சென்றார்.

இதயத்தில் பழுதில்லை. மாலையில் மீதி வரிகளை வாசித்து முடித்தேன்.

மறுவாரம் மனநல மருத்துவர் விளக்கினார்: "பொண்ணு கல்யாணம்னா கவலை வரத்தான் செய்யும். அது காரணத்தோட வரும், காரியம் முடிஞ்சா போயிடும். உங்களோடது முதல்ல வந்துட்டு அப்புறம் காரணம் தேடுது. ரயிலேற விடாம பண்ணுது. இது பதற்றக் கோளாறு சார். சரிபண்ணலாம்."

என் தர்க்கத்தின் ஓட்டையை ஒருவர் இத்தனை எளிதாகக் காட்டியதில்லை. சிகிச்சை சில மாதங்கள் நடந்தது. இப்போது மின்ரயிலில் போகிறேன், சன்னலோர இருக்கைக்குச் சண்டையும் போடுகிறேன்.

போன மாதம் பேத்தியின் பிறந்தநாளில் பேசுவதற்காக எழுந்தேன். மாப்பிள்ளை மைக்கை நீட்டிக் கேட்டார்: "மாமா, வாழ்த்தா, உயிலா?"

"வாழ்த்துதான்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. மங்கை அம்மாள் மட்டும், "உயிலா இருந்தா கொஞ்சம் சத்தமா படிங்க சார், பின்னாடி கேக்கல" என்றார்.