ஒன்பது தட்டில் ஒன்று போனால்

ஐந்து பிஸ்கட். அதில் இரண்டை எடுத்துவிட்டால் எத்தனை? அவசரப்பட்டு மூன்று என்று சொல்லிவிடாதீர்கள். கல்லூரியில் பதினெட்டு வருடம் கணிதம் நடத்திய பேராசிரியரே அப்படி நினைத்துத்தான் மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவுவது அவர் முறை. மதியம் விருந்தாளிகள் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். கழுவும் தொட்டியை எட்டிப் பார்த்ததும் அவருக்கு மகளின் படிப்பைப் பற்றித் திடீர்க் கவலை பிறந்தது.

"சிட்டுக்கு நாலு வயசாச்சு, இன்னும் கழித்தல் தெரியல. நான் சொல்லித்தரேன். நீ பாத்திரத்தைப் பாத்துக்கோ."

மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. "அதைத்தானேங்க நான் தினம் இருபது பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரேன்?"

"பொத்தானை உருட்டி எண்ணுறதெல்லாம் கணக்கா? அடிப்படை வேணும்மா, அடிப்படை!"

"சரிங்க. அவ கத்துக்கிட்டா நான் கழுவுறேன். அதுவரைக்கும் தொட்டிய நான் தொடமாட்டேன்."

பேராசிரியர் பலகையில் படுக்கையாக ஒரு கோடு போட்டு, "இதுதான் கழித்தல் குறி" என்றார். சிட்டு அதற்கு நாலு காலும் ஒரு வாலும் வரைந்தாள். வேறு வழியில்லாமல் பிஸ்கட்டுக்கு இறங்கி வந்தார்.

"அஞ்சு இருக்கு. அப்பா ரெண்டு எடுத்துட்டேன். இப்ப எத்தனை?"

"அஞ்சு."

"அதான் எடுத்துட்டேனே!"

"உங்க கையில ரெண்டு இருக்கேப்பா."

பதினெட்டு வருடத்தில் எந்த மாணவனும் சொல்லாத பதில். அவர் இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டார். "இப்பழ?" என்று வாய் நிறையக் குழறினார்.

சிட்டு வீடே அதிர அழுதாள்.

மனைவி வந்தாள். "எடுத்தது கண்ணுல படக்கூடாதுங்க. பிள்ளை அழவும் கூடாது. ரெண்டு பேரும் வாங்க."

சமையலறையில் சிட்டு முக்காலி மேல் ஏறி நின்றாள்.

"தொட்டியில எத்தனை தட்டுடி?"

"ஒம்போது."

"அப்பா ஒண்ணைக் கழுவித் துடைச்சு, அலமாரியில வெச்சுக் கதவைச் சாத்துவார். பாரு."

ஒரே ஒரு தட்டுதானே, அதுவும் கல்விக்காக! பேராசிரியர் சட்டைக் கையை மடித்தார். கழுவித் துடைத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"எட்டு!" சிட்டு கைதட்டினாள்.

"பாத்தியா, என் பொண்ணை!"

"ஒரு தடவை சொல்லிட்டா ஆச்சாங்க? அடிப்படை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

எட்டு ஏழானது. ஏழு ஆறானது. மனைவி நாற்காலியில் சாய்ந்து காபி குடித்தாள். கடைசித் தட்டும் உள்ளே போனது.

"ஒண்ணுமே இல்ல!" என்றாள் சிட்டு.

"கத்துக்கிட்டா. நீங்க ஜெயிச்சிட்டீங்க. நகருங்க, இனி நான் கழுவுறேன்" என்று மனைவி காலித் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு மகளிடம் கேட்டாள்: "நாளைக்கு அப்பா பாடம் பிஸ்கட்டுலயா, தட்டுலயா?"

சிட்டு தட்டு என்றாள்.