சிங்கராயரின் பட்டணப் பிரயாணம்

மூன்றாம் வீட்டுக் கிருஷ்ணம்மாளின் தம்பி திங்கட்கிழமை நெசவுப் பாவுக்கு வந்து நிற்கப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் சிங்கராயர் கூழ்க் கலயத்தைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். தம்பியின் பெயர் சுப்பராயலு. பட்டணத்தில் டிராம் வண்டியில் டிக்கெட்டுக் கொடுக்கிற உத்தியோகம்.

வேறு யார் வந்திருந்தாலும் சமாளித்திருப்பார். ஆரணியில் அந்த நெசவுக்காரத் தெருவில் பட்டணத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுகிற அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். விடிந்ததும் தறியில் ஏற்றவேண்டிய பட்டு இழைகளை, அதுதான் பாவு, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அது காய்கிறவரை வீட்டுக்கு ஓர் ஆள் இரண்டு பக்கமும் நின்று இழைகளைப் பிரித்துவிட வேண்டும். சலித்துப்போய் நகர்ந்தால் இழை ஒட்டிக்கொண்டு பாவே நாசம். கால் கடுக்கிற அந்த வேளையில்தான் சிங்கராயர் வாயைத் திறப்பார்.

"பட்டணத்துல எவனுக்கும் கால் கிடையாது. ஒப்புக்கு வெச்சிகினு இருக்கான். மாடு இல்ல, குதிரை இல்ல, டிராம் தானா வந்து வாசல்ல நிக்கும். ஓட்டறவன் எறங்கி வந்து ஒடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்சிட்டுத்தான் ஏத்துவான்" என்பார்.

நாடகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ராஜா செத்து விழுந்தால் ஜனங்கள் கைதட்டி இன்னொரு தரம் கேட்பார்களாம். ராஜா எழுந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டு மறுபடி சாவானாம். ஒரு ராஜா விடிய விடியச் செத்துக்கொண்டிருந்ததைத் தாமே கண்ணால் பார்த்ததாகவும், சாவுக்கே மரியாதை இல்லாத ஊர் உருப்படாது என்றும் சிங்கராயர் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

பார்த்தாராவது, மண்ணாவது. போன வருஷம் பட்டணத்துக்கென்று கிளம்பிய மனிதர், காட்பாடி வரை மாட்டுவண்டியில் போய், அங்கே ரயில் விட்ட புகையைக் கண்டு மிரண்டு, ஒரு வாரம் அங்கேயே சத்திரத்தில் படுத்துக் கிடந்து, வந்தவன் போனவன் வாயைக் கிளறிவிட்டு ஊர் திரும்பியவர்.

இப்போது அசல் டிராம்காரன் வருகிறான். குட்டு உடைந்தால் எந்த முகத்தோடு பாவில் போய் நிற்பது? அவருக்கு அந்தக் காலை நேரம் ஒன்றுதான் சந்தோஷம். அதை இழக்க மனசு வரவில்லை. திங்கட்கிழமைக்குள் பட்டணத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடுவதென்று முடிவு செய்தார்.

மனைவி சகாயம்மாளிடம், ஆரணிக்குத் தெற்கே இருக்கிற சேத்துப்பட்டு மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்றார். வண்டிக்காரன் அருணகிரியிடம் மட்டும், வண்டியை நேரே ரயிலடிக்கு விடு என்று காதோடு சொன்னார். வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. உள்ளே எதிர்வீட்டு இன்னாசியம்மாள் ஒரு கட்டு மெழுகுவர்த்தியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் மாதாவைப் பார்க்க வேண்டுமாம். அப்புறம் என்ன, சேத்துப்பட்டுக்கே போய், முழங்காலில் நின்று, மெழுகுவர்த்தி அத்தனையும் ஏற்றி, பொய் சொன்னதற்கு மாதாவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார்.

சனிக்கிழமை பொய்யை மாற்றினார். ரயிலில் வருகிற பட்டுநூல் மூட்டையை எடுத்துவரப் பக்கத்து வீட்டுத் தனகோடி புறப்பட்டபோது, துணைக்கு வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டார். ரயில் வந்தது. இந்தத் தடவை புகைக்கெல்லாம் அவர் பயப்படவில்லை. மூட்டையை இறக்குகிற சந்தடியில் நைஸாகப் படியில் ஒரு காலையும் வைத்துவிட்டார்.

"அண்ணே, இதக் கொஞ்சம் புடிங்க. ஜல்தியா வந்துடறேன்" என்று தனகோடி மூட்டையை அவர் நெஞ்சில் சாத்திவிட்டுப் போனான்.

ரயில் போய்ப் புகையும் கலைந்த பிறகுதான் அவன் திரும்பி வந்தான். சிங்கராயர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர் மாதிரி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எவரிடமும் எதுவும் சொல்லாமல், கோயில் வாசலில் நின்ற அருணகிரியின் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மாடு நாலடி வைத்தது. சக்கரம் ஒரு பக்கம் போயிற்று, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, சிங்கராயர் மணலில் கிடந்தார். அச்சில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற கடையாணியைக் காணோம். இது என்னடா பேஜாராப் போச்சு என்று அருணகிரி தலையைச் சொறிந்தான். வேறு வண்டியும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. உண்மையை ஒப்புக்கொண்டு நாலு பேர் சிரிப்பதை வாங்கிக்கொள்வோம் என்று சிங்கராயர் பாவுக்கு வந்தார். எதிர் வரிசையில் சுப்பராயலு நின்றான். கிருஷ்ணம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"ஏண்டா, டிராம் ஓட்டறவன் எறங்கி வந்து ஒடம்பு விசாரிப்பானாமே?"

சிங்கராயர் குனிந்து, ஒட்டாத இழையையே பிரிக்க ஆரம்பித்தார். சுப்பராயலு தெருவை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான்.

"விசாரிக்காம? வண்டிய நிறுத்தறதே அதுக்குத்தானே அக்கா. அந்த நாடகத்து ராஜாவ நானும் பாத்தேன். இன்னும் செத்துகினுதான் இருக்கான்" என்றான்.

சிங்கராயருக்குக் கண் கலங்கிவிட்டது. மாதாதான் காப்பாற்றினாள் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சில், பட்டணத்து டிராம் மாடி ஏறிப்போய் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது. ஒருத்தரும் நகரவில்லை. பாவு கண்ணாடியாகக் காய்ந்தது.

பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைந்தபின் அருணகிரி மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, உங்க வீட்டுல அண்ணி ஒளிச்சி வெச்ச கடையாணிய வாங்கிக் குடுங்க, சவாரிக்குப் போவணும். நீங்க நெசமாவே பட்டணத்தப் பாத்துட்டு வந்து உள்ளத உள்ளபடி பேச ஆரம்பிச்சா, அதக் கேட்டுகினு இந்தத் தெருவுல எவன் பாவுல நிப்பான்னுதான் எல்லாருமா சேந்து உங்கள ரயில் ஏற வுடல."