வரதராசா மகளின் பட்டம்: ஒரு கணக்காய்வு

நாட்டில் யுத்தம் நடந்தாலும் வெள்ளவத்தையில் கணக்குப் பார்ப்பது மட்டும் ஒருநாளும் நின்றதில்லை. எங்கள் மாடித் தொடரில் அந்தப் பொறுப்பு ஓய்வுபெற்ற கணக்காய்வு அத்தியட்சகர் கதிர்காமநாதனிடம் இருந்தது. முப்பது வருடம் அரசாங்கத்தின் பிழைகளைக் கண்டுபிடித்து, அவற்றை அரசாங்கத்துக்கே அறிவித்து, அரசாங்கம் அவற்றைத் தொடர்ந்து செய்ய உதவியவர். அவரைக் கேளாமல் எங்கள் ஒழுங்கையில் எவரும் பிரிட்ஜும் வாங்குவதில்லை, மாப்பிள்ளையும் எடுப்பதில்லை.

மேல்மாடி வரதராசாவின் மகள் சுகந்தினிக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படிக்க இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும். துறைமுகத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதரான வரதராசா, முறைப்படி, மகளையும் கூட்டிக்கொண்டு கதிர்காமநாதனிடம் வந்தார். என் மகன் அங்கே கடைசி வருடம் படிப்பதால், விஷயம் தெரிந்தவன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"படிப்புக்கு ஒரு காசும் கட்டத் தேவையில்லைத்தானே அய்யா. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான்," என்றார் வரதராசா.

"அங்கதான் பிழை விடுறீர். சும்மா வாற சாமானிலதான் மறைமுகச் செலவு கூட. யப்பான்காரன் சும்மா தந்த ஒரு மெசினைப் பூட்டி வைக்க எங்கட திணைக்களம் கட்டடமே கட்டினது." கதிர்காமநாதன் கண்ணாடியைத் துடைத்தார். "இப்ப பிள்ளை இப்பிடியே நிண்டால் என்ன மாப்பிளை போதும்?"

"வங்கியில வேலை செய்யிற ஒருத்தர்."

"எஞ்சினியர் ஆனால்?"

"எஞ்சினியர்தான் பாக்கோணும். குறைச்சுப் பாக்கேலாது."

"அவை என்ன கேப்பினம்?"

வரதராசாவின் குரல் இறங்கியது. "வெள்ளவத்தையில ஒரு பிளாட். காலி வீதிக்குக் கடல் பக்கமா. டொனேசன் எண்டு கைக்காசும் வேற."

"ஆகவே, மேற்படி இலவசப் பட்டத்தின் விலை பிளாட் ஒன்று."

"பிள்ளை உழைக்கிற சம்பளம்?"

"அது மாப்பிளை வீட்டு வரவு. உம்மட கணக்கில வராது." அடுத்த விரலை மடக்கினார். "பிறகு செக்பொயின்ற். எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளையின்ர பைக்குள்ள என்ன இருக்கும்? வயர் இருக்கும். தமிழ்ப் பிள்ளை, பைக்குள்ள வயர். பொலிசுக்குப் போய் விளங்கப்படுத்த நீர் லீவு போடோணும். லீவு கிடக்கோ?"

"கொஞ்சம்தான் அய்யா."

எவரும் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கு முழுவதிலும் உண்மையான செலவு அது ஒன்றுதான்.

"இவற்றைக் கருத்திற்கொண்டு, பிள்ளை கேக் ஐசிங் வகுப்புக்குச் செல்வதே குடும்ப நிதிக்கு உகந்தது என இத்தால் சிபாரிசு செய்யப்படுகிறது."

வரதராசா பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். சுகந்தினியைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கதிரை நுனியில் இருந்தவள் மெல்லக் கேட்டாள்.

"அங்கிள், பெடியனுக்கு ஏன் பிளாட் குடுக்கிறது?"

"அவனைப் படிப்பிச்ச செலவுக்கு."

"அவையும் மொறட்டுவையில சும்மாதானே படிக்கினம்?"

"மறைமுகச் செலவு இருக்கும், பிள்ளை."

"அப்ப உங்கட மகன்ர கணக்கைச் சொல்லுங்கோ. முடிஞ்ச கணக்கைப் பாத்தால் எனக்கும் விளங்கும்."

கதிர்காமநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சிவபாலன். எஞ்சினியர். இப்ப மெல்பேர்ணில. வரவு, நாங்கள் இருக்கிற இந்தப் பிளாட்."

தேத்தண்ணியோடு வந்த அவருடைய மனைவி அன்னபாக்கியம் தட்டத்தை மேசையில் வைத்தார்.

"இது மருமகளின்ர பேரிலயெல்லோ இருக்கு. வாடகையைக் கூட்டித் தரட்டாம் எண்டு சம்பந்தி போன மாசமும் கோல் எடுத்தவர். பொலிசில வீட்டு ஆக்களைப் பதிஞ்ச பதிவிலயும் எங்களை வாடகை ஆக்கள் எண்டுதான் போட்டிருக்கு."

கதிர்காமநாதன் மடக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். அவர் நேர்மையான உத்தியோகத்தர். கணக்கை மறைக்கத் தெரியாது.

"அப்பிடியெண்டால் ஆம்பிளைப் பிள்ளை படிச்சாலும் நட்டம்."

"பொம்பிளைப் பிள்ளை படிச்சாலும் நட்டம்," என்றார் வரதராசா.

"ஓம். ரெண்டும் சமன்."

"அப்ப நான் படிக்கிறதால புதுசா ஒரு நட்டமும் இல்லை," என்று சுகந்தினி குடையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"ஆட்சேபிப்பதற்கு விதி இல்லை," என்றார் கதிர்காமநாதன்.

வெள்ளிக்கிழமை அவள் பதிந்துவிட்டாள்.

கணக்குப் பார்த்த அன்றே நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஒரு பிள்ளையின் படிப்பைப் பிளாட்டோடு வைத்து நிறுக்கிற சனத்தை என்னவென்று சொல்வது? அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னேன்.

"மேல போய் வரதராசாவின்ர மனுசி நாகேஸ்வரியிட்டைக் கொஞ்சம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வாரும். கதையோட கதையா அவையின்ர பிளாட் சொந்தமோ வாடகையோ எண்டும் கேட்டுப் பாரும். எங்கட பெடியனும் இந்த வருசம் முடிக்கிறான்."

"சொந்தம்தான். வீட்டு உறுதிப்பத்திரம் நாகேஸ்வரியின்ர பேரில," என்றாள் மனைவி. "சுகந்தினிக்கு இடம் கிடைச்ச அண்டைக்கே கேட்டுட்டன்."